பாலன் அண்ணன் மறைத்து வைத்த அட்டை

பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது லீலா அண்ணி போனில் கூப்பிட்டார். "மணி, அண்ணன் போயிட்டாரு," என்றார். மாதக்கணக்கில் நுரையீரல் நோயில் கிடந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கோஸை அங்கேயே விட்டுவிட்டு நடந்திருக்கிறேன். கடைக்காரர் பின்னால் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைத் தேயிலைத் தொழிற்சாலையின் ஃபிட்டராக அறிவீர்கள். சிலர் 'பலூன் துரை' என்று கேலி செய்தவர்கள். நானும் செய்தவன்தான். எங்கோ நடந்த, ஆளேற்றிப் பறக்கும் பலூன்களின் விழாவைப் பார்த்துவிட்டு வந்தவர், திரிங்காப் காய்கறித் தோட்டங்களில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் கூரைகளை வாங்கி ஒட்டி, அடியில் கேஸ் அடுப்பைக் காட்டினார். அது எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே எழுந்து மின்கம்பியில் சிக்கி எரிந்தது. லயம் முழுக்க இருட்டு. எல்லாரும் திட்ட, அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சில வருடங்களில் பலூன் தைப்பதே தொழிலாயிற்று. எஸ்டேட்டின் பழைய கிடங்கில் நான்கு தையல் இயந்திரங்கள். கொழுந்து பறிப்பதை விட்ட பெண்கள்தான் தைத்தார்கள், அஞ்சலை அவர்களுக்குத் தலைவி. தொழிற்சாலையில் இலை வாட்டும் கூடத்தில் இருபது வருடம் இருந்தவன் என்பதால், துணியை உலர்த்தும் பொறுப்பு எனக்கு. நம் மலையில் மூடுபனி ஓயாது. ஈரத்தோடு மடித்த துணியில் பூஞ்சை பிடித்தால் பிறகு காகிதமாகக் கிழியும். ஆகவே அண்ணன் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். தையலுக்குத் தையல் ஈரமானியை வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தவர் அட்டையில் கையெழுத்திட்டு மூட்டையில் கட்ட வேண்டும். "தேயிலை கெட்டா திருப்பி அனுப்புவான். பலூன் கெட்டா திருப்பி அனுப்ப ஆளு இருக்க மாட்டான்லா," என்பார்.

எனக்கோ கருவி என்றால் இளக்காரம். ஒரு பிடி இலையைக் கசக்கி விட்டால், அது விரியும் விதத்திலேயே பதம் சொல்லிவிடுவேன். ஒரு மழை மாதத்தில் பலூன் துணியையும் அப்படித்தான் கசக்கிப் பார்த்தேன். காய்ந்துவிட்டது என்று கையெழுத்திட்டேன். இரட்டைத் தையலுக்குள் இருந்த ஈரம் என் கைக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து, வாங்க வந்தவர்களுக்குக் காட்ட லெம்பா பெர்த்தாம் திடலில் அந்தப் பலூனைக் கயிறு கட்டி ஏற்றினோம். "பாத்தியா மணி?" என்று அண்ணன் கேட்டார். "பாத்துட்டேண்ணே," என்றேன். அட்டையில் கையெழுத்து இருந்தால் அவர் மறுபடி பார்க்க மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. தான் தைத்ததில் ஏற வேண்டுமென்று அஞ்சலைக்கு ஆசை. கூடையில் அவளும் அண்ணனும் ஏறினார்கள். இரண்டு மாடி உயரத்தில் உச்சித் துணி கிழிந்து, கூடை தரையில் வந்து மோதியது. விலா எலும்பு குத்திய அண்ணனுடைய நுரையீரல் பிறகு தேறவேயில்லை. அஞ்சலைக்கு முதுகுத்தண்டு முறிந்தது. அவள் அப்புறம் நடக்கவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் அட்டையைக் கேட்டார்கள். ஈரம் பார்க்கச் சொல்லவே மறந்துவிட்டேன், அட்டையே இல்லை என்றார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர்கள் போனதும், "கம்பெனி என் பேர்ல இருக்கு, தப்பும் என் பேர்லயே இருக்கட்டும். நீ வீட்டுக்குப் போ," என்றார். மிச்சமிருந்த பலூன்களை மூன்று நாள் உட்கார்ந்து தன் கையாலேயே கத்தரித்துப் போட்டார்.

அதன்பிறகு நாம் அவரை என்னவெல்லாம் பேசினோம் என்பது உங்களுக்குத் தெரியும். பேராசை பிடித்து ஒரு பெண்ணை முடமாக்கியவன் என்றோம். கோயில் திருவிழாச் சாப்பாட்டில் அவர் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. நானும் தள்ளிப்போய்தான் உட்கார்ந்தேன்.

அஸ்தி கரைத்துவிட்டு வந்த அன்று லீலா அண்ணி அவருடைய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். "உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. கிழிச்சுப் போட்டுடணுமாம்," என்றார்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த அட்டைதான். நான் கிழிக்கவில்லை. அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அஞ்சலையின் சக்கர நாற்காலியை முன்வரிசைக்குக் கொண்டுவரச் சொன்னதும் அதற்காகத்தான். முதலில் அவள் பார்க்கட்டும். அதிலிருக்கும் கையெழுத்து என்னுடையது.