நல்லெண்ணெய் போட்ட சக்கரம்

என் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் வேலை முடிந்து வெளியே வரும்போது, கேட்டில் அவனை மட்டும் தனியே நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "ரேண்டம் செக்கிங்மா, அதுக்கு இன்னா இப்போ?" என்றுவிட்டு இன்னொரு தோசை கேட்டான். கல்லில் கிடந்த தோசையைத் திருப்பாமல் கருகவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் பையை நானே ஒருமுறை கொட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். அவனுக்கு எரிச்சல். அந்த டிராயரைப் பற்றி அவனுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்த காலம். அப்பாவும் ஏரைக் கொல்லையில் சாத்திவிட்டு, உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே வேலையாக வந்திருந்த வெளிநாட்டு அதிகாரி ஒருவர், ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார். அப்படித்தான் அந்த அலமாரி எங்கள் சமையலறைக்கு வந்தது. அதில் ஒரு டிராயர். விரலால் தொட்டால் போதும், வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அம்மா கரண்டிகளை அதில் போட்டுவைத்து, தெருப் பெண்கள் வரும்போதெல்லாம் தேவையில்லாமல் ஒருமுறை இழுத்து மூடுவாள். கீச்சென்று சத்தம் கேட்டால் சக்கரத்துக்கு இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுவாள்.

ஒருநாள் அதன் பின்பக்கச் சக்கரங்கள் இரண்டில் ஒன்று உடைந்துவிட்டது. நாணயம் அளவுள்ள வெள்ளைச் சக்கரம். டிராயர் பாதி வந்து கோணிக்கொண்டு நின்றது. அப்பா ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் தேடினார். பூந்தமல்லி போனார், காஞ்சிபுரம் போனார். எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்: "இது ஃபாரின் அளவு, நம்மகிட்ட வராது. சேனலோட புதுசா மாத்திடுங்க." சக்கரம் ஓடும் தடமான புதுச் சேனலோ அந்த அலமாரிக்குள் நுழையவே இல்லை. சித்தப்பா பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி மாட்டினார். டிராயர் உள்ளே போனது, வெளியே வர மறுத்துவிட்டது. கரண்டியெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, அன்று அம்மா டம்ளரால் குழம்பு ஊற்றினாள்.

கடைசியில், அப்பாவோடு வேலை செய்த ஃபிட்டர் ஒருவர் வழி சொன்னார். "நல்லா இருக்கற சக்கரத்தை எடுத்துக்கினு வாங்க, அளந்து குடுக்கறேன். மறைமலை நகர்ல என் மச்சான் லேத் வெச்சிருக்கான், அதே மாதிரி கடைஞ்சிடுவான்." அப்பா மிச்சமிருந்த சக்கரத்தைக் கழற்றினார். தொலைந்துவிடக் கூடாதே என்று அம்மா அதைத் துணியில் சுற்றி, டிபன் கேரியரின் மேல் தட்டில் வைத்து அனுப்பினாள். உள்ளே போகும்போது அதை யாரும் பார்க்கவில்லை. உள்ளே போகிறவனுடைய டிபன் கேரியரை அங்கே யார் பார்த்தார்கள்? வெளியே வரும்போதுதான் பார்த்தார்கள்.

சித்தப்பாவுக்கும் அதே கம்பெனிதான். அன்று மாலை மொபெட்டை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்தார். "அண்ணி, அண்ணனைக் கேட்ல நிக்க வெச்சிட்டானுங்க! சோத்து டப்பாவுல கம்பெனிப் பொருளை ஒளிச்சு எடுத்துக்கினு போறார்னு சொல்றானுங்க. வூட்டுச் சாமான்னா நிரூபிக்கணுமாம். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வரவேணாமாம்."

அம்மா நேரே சமையலறைக்குப் போனாள். டிராயரைப் பலம் கொண்டமட்டும் இழுத்து முழுசாக உருவினாள். கரண்டிகள் தரையெல்லாம் சிதறின. சித்தப்பா மொபெட்டை ஓட்ட, நடுவில் நான், பின்னால் அம்மா, அம்மாவின் தலைமேல் டிராயர்.

கேட்டுக்குப் பக்கத்தில், ஷிப்ட் பஸ்கள் திரும்பும் இடத்தில், வெயிலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். நாலடி தள்ளி நிழல் இருந்தது. அங்கே நிற்க விடவில்லை. டிபன் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தார்கள். மீந்த ரசத்தில் ஈ மொய்த்தது.

"யாரும்மா நீ? இன்னாது இது?" என்றார் காவலாளி.

"நீ புடிச்சு வெச்சிருக்கியே சக்கரம், அது குடியிருந்த வூடு" என்றாள் அம்மா. "மாட்டிப் பாரு."

உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். "டிராயரை எங்கேருந்து வேணா கொண்டு வரலாம்மா" என்றார். அம்மா மேசைமேல் இருந்த சக்கரத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு சார். நல்லெண்ணெய். உன் கம்பெனியில எந்த மிஷினுக்கு நல்லெண்ணெய் ஊத்தறீங்க?"

காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். அதிகாரி உண்மையிலேயே முகர்ந்து பார்த்தார். பிறகு டிராயரின் பின்னால் இருந்த முளையில் சக்கரத்தை மாட்டினார். பொருந்தியது. விரலால் தட்டினார். சுற்றியது.

அதன் பிறகு அதிகாரி சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. "சரி, கூட்டிட்டுப் போங்க. இனிமே எதைக் கொண்டு வந்தாலும் உள்ள வரும்போதே சொல்லிடணும். எங்களுக்கும் டைம் வேஸ்ட் பாருங்க." அவ்வளவுதான். தப்பு மறுபடியும் அப்பாவுடையதாகவே முடிந்தது. ஒரு வார்த்தை, தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒரே ஒரு வார்த்தை, யார் வாயிலிருந்தும் வரவில்லை. அப்பாதான் "தேங்க்ஸ் சார்" என்றார். அம்மா டிராயரைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது காவலாளி, "இரும்மா" என்று அதையும் வாங்கி, ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அப்பாவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எத்தனை பஸ்கள் போயிருக்கும்! அது எங்கள் வீட்டுச் சக்கரம் என்று அவற்றில் இருந்தவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

மறைமலை நகரில் கடைந்த சக்கரத்தைச் சித்தப்பாதான் வாங்கி வந்தார். டிராயர் முன்பைவிட நன்றாக ஓடியது. ஆனால் அதன் பிறகு யார் வந்தாலும் அம்மா அதை இழுத்துக் காட்டியதில்லை.

எட்டு வயதில் எனக்கோ, கேட்டுக்குப் போன அந்த நாள் எங்கள் வீடு ஜெயித்த நாள். பள்ளிக்கூடத்தில் நல்லெண்ணெய்க் கதையை எல்லோருக்கும் சொன்னேன். ஒரு புது விளையாட்டும் கிடைத்தது. அப்பா வேலையிலிருந்து வரும் நேரத்தில் வாசலில் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பேன். "செக்கிங்! பையைத் தொற!" அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பையைத் திறப்பார். டிபன் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்துத் தரையில் வைப்பார். நான் கேட்காமலே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்பார். "போதும் விடுடி அவரை" என்று சமையலறையிலிருந்து அம்மா கத்துவாள். விளையாட்டைக் கெடுக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபமாக வரும்.

அப்பா அவசரப்படவே மாட்டார். நான் "சரி, போலாம்" என்று சொல்லும்வரை கையை இறக்காமல் நிற்பார். அப்பா எவ்வளவு நன்றாக விளையாடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.