எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வர்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறுமைசாலி இல்லை. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் மோடம், ரூட்டர் மாட்டுவதுதான் இருபத்து மூன்று வருடமாக என் வேலை. ஒரு வீட்டில் நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் எனக்குக் காலில் எறும்பு ஊரும். அடுத்த வீட்டுக்காரர் அதற்குள் மூன்று தடவை போன் செய்திருப்பார். அந்த அவசரத்தில் நான் பழகிக்கொண்ட ஒரு கெட்ட பழக்கத்தைத்தான், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

1. ஏணியில் நின்று சொன்ன பதில்

அன்று செவ்வாய்க்கிழமை. செலாயாங் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு காய்கறிக் கடையில் ஏணி மேல் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். முனியாண்டி அண்ணனிடமிருந்து போன் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டில் இருக்கிறார், தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி சரோஜா அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறும். அண்ணன் பஸ் எடுத்துப் போகும் நேரமெல்லாம் அக்கா கட்டிலில் தனியாகத்தான் கிடப்பார். போனிலேயே அவரைப் பார்த்துக்கொள்ள வசதியாக, நாலு மாதத்துக்கு முன்பு நான்தான் அந்த வீட்டில் ரூட்டர் மாட்டி, கட்டிலுக்கு எதிரே ஒரு கேமராவும் வைத்துக் கொடுத்திருந்தேன்.

“தம்பி, அந்த கேமரா தானா திரும்புமா?”

“திரும்பும்ணே. ஆள் நகர்ந்தா அதுவே பார்த்து திரும்பும். ஏன்?”

“உங்கக்கா ஒரு வாரமா ஒரே அழுகைப்பா. நான் வெளிய போனதும் யாரோ அதுல பாக்குறான், அது திரும்பித் திரும்பிப் பாக்குதுன்னு சொல்றா. போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டே கிடக்கா. டாக்டர்கிட்ட கேட்டா, ஸ்ட்ரோக் வந்தா சில பேருக்கு மனசு கொழம்பும்ங்கிறாரு.”

ஒரு கையில் போன், ஒரு கையில் கேபிள், கீழே கடைக்காரர் “இன்னும் எவ்வளவு நேரம் பாஸ்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் யோசிக்கவே இல்லை.

“அப்படித்தான் இருக்கும்ணே. கேமராவுல ஒரு பிரச்சனையும் இல்ல லா.”

அண்ணன், “சரி, சனிக்கிழமை டெங்கில் ஊர்ல நோயாளிங்கள பாத்துக்கிற ஒரு ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுறேன். புத்தி தடுமாறுறவள தனியா போட்டுட்டு நான் எப்படிப்பா பஸ் ஓட்டுறது?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேலையை முடித்து, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஆள் நகர்ந்தால் கேமரா திரும்பும் என்று நான்தானே சொன்னேன்? நகரவே முடியாமல் ஒருவர் படுத்திருக்கும் அறையில், அது எதைப் பார்த்துத் திரும்புகிறது? வாங்கிய சோற்றை அப்படியே வைத்துவிட்டு வேனை எடுத்தேன்.

2. நாலாவது போன்

மத்தியானம் ஒன்றரைக்குப் போனேன். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவே அண்ணன் வீட்டில் இருப்பார். கதவைத் திறந்தவுடன் கண்ணில் பட்டது செருப்புப் பக்கத்தில் இருந்த துணிப்பை. அக்காவின் நைட்டிகள், மருந்து டப்பா, ஒரு சீப்பு. சனிக்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமையே கட்டி வைத்துவிட்டார் மனிதர்.

நம் வீடுகளில் ரூட்டர் எங்கே இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாமி மேடையின் சிவப்பு விளக்குக்கு ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும், அதில் எக்ஸ்டென்ஷன் போட்டு ரூட்டரையும் முருகன் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம். அண்ணன் ஆயுதபூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். காய்ந்த பொட்டு அப்படியே இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து ரூட்டரின் அட்மின் பக்கத்துக்குள் போனேன். எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் பார்த்தேன். அந்த வீட்டில் வைஃபை பிடிக்கும் பொருள் மூன்றுதான்: அண்ணன் போன், டிவி, கேமரா. பட்டியலில் நாலு இருந்தது. நாலாவது ஒரு போன். கடந்த பத்து நாளாக, அண்ணன் பஸ் ஓட்டும் நேரங்களில் மட்டும் உள்ளே வந்திருக்கிறது. வைஃபை எட்டும் தூரத்தில்தான், அதாவது அதே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் அந்த ஆள் இருக்க வேண்டும்.

எப்படி நுழைந்தான் என்பதைக் கண்டுபிடிக்க நான் சிரமப்படவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன். நான் மாட்டிய எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வர்ட்தான் போடுவேன், என் வேனின் நம்பர் பிளேட். வைஃபைக்கும் அதே, ரூட்டர் அட்மினுக்கும் அதே, கேமராவுக்கும் அதே. அது தெரிந்தவன் தன் போனிலிருந்தே கேமராவைத் திருப்பித் திருப்பி அக்காவைப் பார்க்கலாம். மறந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால், “நம்ம வேன் நம்பர்தான் லா” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. லிஃப்டில், சாப்பாட்டுக் கடையில், கார் பார்க்கில் எல்லாம் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கிள்ளானில் ஒருவர் அந்த நம்பருக்கு லாட்டரி டிக்கெட் கூட எடுத்தார். வீட்டைப் பூட்டிவிட்டு, சாவியை யார் வேண்டுமானாலும் படிக்க வேனிலேயே எழுதிக் கீழே தெருவில் நிறுத்தி வைத்தவன் நான்.

ரூட்டரை அணைத்துவிட்டு, கேமராவின் ஒயரைப் பிடுங்கி எடுத்தேன். போர்வை மெல்ல இறங்கியது. அக்கா என்னைப் பார்த்தார்.

“நா... பொய்... சொல்லல” என்றார்.

“ஒரு நிமிஷம்க்கா” என்று சொல்லி வராண்டாவுக்கு வந்து, கிள்ளானில் இருக்கும் என் பாஸ் குமரேசனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“உனக்கு என்ன பைத்தியமா? சிஸ்டம் அப்டேட்டுன்னு சொல்லி பாஸ்வர்ட மாத்திட்டு வா லா. விஷயம் வெளிய போனா கான்ட்ராக்ட் போயிடும். உனக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல.”

அந்த வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. அப்டேட் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தத் தொழிலில் எங்களைத் தினமும் காப்பாற்றுகிற வார்த்தை அது. ஆனால் நான் அப்டேட் என்று சொன்னால் அக்கா புத்தி தடுமாறியவர்தான். வாசலில் இருக்கும் பை சனிக்கிழமை டெங்கிலுக்குப் போய்விடும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். இருந்தாலும் உள்ளே போய், செருப்போடு போனதைக்கூடக் கவனிக்காமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

முனியாண்டி அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். “பார்க்காமலே ‘அப்படித்தான் இருக்கும்’னு சொன்னியேடா! உன் வாயால நான் என் பொண்டாட்டிய பைத்தியமாக்கிட்டேனேடா!” அப்புறம் சட்டையை விட்டுவிட்டு, அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதார். நான் சுவரோரம் நின்றேன். எனக்கு வேறென்ன மரியாதை கிடைக்க வேண்டும்?

மாலை டிரிப்புக்கு வேறு ஆளைப் போகச் சொல்லிவிட்டு என்னோடு போலீஸ் நிலையத்துக்கு வந்தார். ரிப்போர்ட் கொடுத்தோம். அந்த நாலாவது போன் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினால், சிரித்துப் பேசுகிறவர்களின் கைகளைத்தான் நான் பார்க்கிறேன். எந்தப் போன் அது என்று மனசு அடித்துக்கொள்கிறது.

3. மூன்று நாள் ஓட்டம்

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் புது வேலை எடுக்கவில்லை. எந்தெந்த வீட்டில் மாட்டினேன் என்று எழுதிய பழைய ஜாப் ஷீட் கட்டை முன் சீட்டில் போட்டுக்கொண்டு, கேமரா உள்ள வீடுகளாக முதலில் ஓடினேன். மற்ற வீடுகளை முடிக்க அதற்கப்புறமும் பல வாரம் ஆனது. ஒவ்வொரு வாசலிலும் அதையேதான் சொன்னேன்: “தப்பு என்னுது. பாஸ்வர்ட் மாத்தணும்.” சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவையே சாத்தினார். சுங்கை வேயில் ஒரு அக்கா மட்டும், “ஐயோ, மாத்தாத பாஸ். வேன் நம்பர்னாதான் எனக்கு ஞாபகம் இருக்கும்” என்று மல்லுக்கு நின்றார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது. குமரேசன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு எடுக்கவும் இல்லை, ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

4. சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். வாசலில் பை இல்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் காலியாகத் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை அணைத்த ரூட்டரை மறுபடி போட்டு ரீசெட் செய்தேன். முதலில் ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்கு அப்டேட், இந்தத் தடவை நிஜமான அப்டேட். வெளியிலிருந்து ரூட்டருக்குள் நுழையும் ரிமோட் வசதியையும், பட்டனை அமுக்கினால் பாஸ்வர்ட் இல்லாமல் இணையும் வசதியையும் அணைத்தேன். வருகிற விருந்தாளிக்குத் தனி வைஃபை. அட்மினுக்கு ஒரு பாஸ்வர்ட், வைஃபைக்கு வேறு, கேமராவுக்கு வேறு என்று கடைசியில் போட வேண்டும். முருகன் பக்கத்திலிருந்து ரூட்டரை எடுத்து, காற்றோட்டமாக ஹாலில் ஓர் அலமாரித் தட்டில் வைத்தேன். கேமராவை மாட்டுவதா வேண்டாமா என்று அண்ணனைக் கேட்டேன். அவர் அக்காவைக் கேட்டார். நாலு மாதத்துக்கு முன்பு நாங்கள் இருவரும் கேட்காத கேள்வி அது.

அக்கா வாசல் பக்கம் கையைக் காட்டினார். கதவைப் பார்க்கட்டும், கட்டிலைப் பார்க்க வேண்டாம். தலையைத் திருப்பாத சாதாரணக் கேமரா ஒன்றை அப்படியே மாட்டினேன்.

பாஸ்வர்ட் போடும் கட்டம் வந்தது. “நீயே ஏதாச்சும் போட்டுடு தம்பி, எனக்கு மறந்துடும்” என்றார் அண்ணன். வாய் வரை வந்த பழைய பதிலை விழுங்கினேன். அதற்குள் அக்கா இடது கையை நீட்டினார். அண்ணனின் போனை வாங்கிக் கொடுத்தேன். விரலை எழுத்தின் மேல் வைத்துவிட்டு, அடிக்காமல் என்னையே பார்த்தார்.

“திரும்பு” என்றார். அது மட்டும் குழறவில்லை.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக, அழித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, அடுத்த வீட்டுக்காரர். கால் அரித்தது. எடுக்கவில்லை, திரும்பவில்லை. “ம்” என்று அக்கா சொல்லும்வரை நின்றேன்.

பாஸ்வர்ட் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் மாட்டியதில், எனக்குப் பாஸ்வர்ட் தெரியாத முதல் வீடு அதுதான்.