பத்திரத்தில் அடித்த ஒரு சொல்

ஆரணியில் நான் வீடு வாங்கியது எழுபதுகளின் கடைசியில். மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். வாடகை வீட்டுக்காரருக்குப் பிரசவத் தீட்டு ஆகாதாம், தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து நெசவாளர் தெருவில் ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்தேன். விற்றவர் பிள்ளை இல்லாத ஒரு விதவை. தேவிகாபுரத்தில் தம்பி வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார்.

வீட்டில் ஒரு தறி இருந்தது. அதன் பின்பக்கம் இன்னொரு தறிக்குக் குழி வெட்டுமளவு இடம். எனக்கு அதன் மேல்தான் கண். சாணம் மெழுகிய தரை அங்கே மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது. கேட்டதற்கு, "பழைய தறிக்குழி, மூடிட்டோம்" என்றார் அந்தம்மா. மூடிய குழியைத் தோண்டுவது சுலபம் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பதிவு நாளன்று ரிஜிஸ்தர் ஆபீசில் நல்ல கூட்டம். பத்திரம் எழுதுபவர் எழுதியதை அந்தம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மனை, சுவர், கதவு, கிணறு என்று போய், எல்லாப் பத்திரத்திலும் வரும் அந்தப் பழைய வரியில் முடிந்தது. புதையல், புதைத்து வைத்தது, நீர், மரம், கல் யாவும் சேர்த்து விற்றேன் என்கிற வரி. நூறு வருடமாக எழுதுகிறார்கள், ஒருவரும் காதில் வாங்குவதில்லை. அந்தம்மா வாங்கிக்கொண்டார்.

கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. மேடைமேல் இருந்த அதிகாரி, "சம்மதந்தானாம்மா?" என்று கேட்டார். அந்தம்மா விரலைக் காகிதத்தில் வைக்கவில்லை.

"சாமி, பொதைச்சு வெச்சதுன்னு ஒரு வார்த்தை வருதே, அத்தை மட்டும் எடுத்துடுங்க. அத்தை நான் விக்கல."

"அது சும்மா எழுதறதும்மா. இன்னா இது, பேஜாரா போச்சு!" என்றார் பத்திரக்காரர்.

என் புத்தி நேராகத் தங்கத்துக்குப் போனது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் என்ன பயம்? அந்தம்மாவை வெளியே புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய், "இன்னாம்மா பொதைச்சு வெச்சிருக்கீங்க? மறைக்காம சொல்லுங்க" என்று அதட்டினேன். அந்த அதட்டலை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"என் தலைச்சன் பொண்ணுப்பா. ஒம்போது நாளு இருந்துச்சு" என்றார். "அப்பல்லாம் தலைச்சன் பொணத்தைத் தோண்டி மந்திர மை செய்யறவனுங்க ஊரு ஊரா சுத்திகினு இருந்தானுங்க. சுடுகாட்டுல வெச்சா தங்காது. அதான் எங்க வூட்டுக்காரரு வூட்டுக்குள்ளயே, தறிக்குழியில வெச்சு மூடிட்டாரு. வூட்டுக்குள்ள இருந்தா இங்கயே திரும்பிப் பொறக்கும்னு மாமியா சொன்னாங்க. வரல."

பஸ் வரவில்லை என்பதுபோலத்தான் அதைச் சொன்னார். வேறொருவனாக இருந்தால் வீடே வேண்டாமென்று அங்கேயே கும்பிடு போட்டிருப்பான். ஆனால் எனக்கு வேறு வீடு பார்க்க நாளில்லை. உள்ளேயிருந்து, "ஜல்தி வாங்கப்பா" என்று கத்தினார்கள். அந்தச் சொல்லை அடித்தார்கள். அடித்தலுக்குப் பக்கத்தில் அவர் ரேகை வைத்தார். பின்னால் தகராறு வரக்கூடாதென்று என்னையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார் பத்திரக்காரர். போட்டேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. தரை சரியில்லை என்று சொல்லி இரண்டாம் தறியைக் கைவிட்டேன். குடிபோன மூன்றாம் நாளே, அத்தனை இடமிருக்க, அவள் அதே இடத்தில் பாயை விரித்தாள்.

"இங்க மட்டும் கதகதன்னு கீதுங்க" என்றாள்.

மார்கழிக் குளிர். டிரங்குப் பெட்டியை அங்கே நகர்த்திப் பார்த்தேன். மறுநாள் அது மூலைக்குப் போயிருந்தது. ஒருநாள் அவள் கடைக்குப் போய் வெகுநேரம் கழித்துத் தரையைத் தொட்டேன். சூடு இருந்தது. சுற்றிலும் தொட்டேன், சில்லென்றிருந்தது. அதற்குப் பிறகு தறியில் உட்காரவே பயம், அந்த இடம் என் முதுகுக்குப் பின்னால் அல்லவா? தறி நாடாவின் சத்தம் நிற்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. இடது காதுக்குப் பின்னால் விரல்நுனி அளவுக்கு ஒரு கறுப்பு. அழுக்கென்று நினைத்து மனைவி எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலை பஸ்ஸில் தேவிகாபுரத்திலிருந்து அந்தம்மா வந்தார். குழந்தை பிறந்ததை நாங்கள் சொல்லியனுப்பவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் குழந்தையை வாங்கினார். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் நேராக இடது காதை மடக்கினார்.

"பொதைக்கறப்ப மாமியா வெளக்குக் கரிய இங்கதான் வெச்சாங்க. திரும்பி வந்தா அடையாளம் தெரியணும்னு."

அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. குழந்தையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு என் மனைவி மடியில் வைத்தார்.

"வூட்டத்தான் தம்பி வித்தேன். இத்தை விக்கல. நீயும் கையெழுத்துப் போட்டிருக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"எத்தைங்க விக்கலன்றாங்க?" என்றாள் மனைவி. கிணற்று விஷயம் என்று ஏதோ உளறினேன்.

அவர் மறுபடி வரவேயில்லை. வந்து சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். தேவிகாபுரம் பஸ் தெருமுனையில் நிற்கிற நேரத்தில் நான் வாசலுக்குப் போய் நிற்பது மட்டும் வழக்கமாகிவிட்டது.

ஐந்து வயதில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிக்கொண்ட வாத்தியார், "அங்க அடையாளம் சொல்லுங்க" என்றார். மகள் தானாகவே இடது காதை மடக்கிக் காட்டப்போனாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வலது முழங்கால்ல ஒரு தழும்பு சார், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.