சித்தப்பாவின் வலது கை

எங்கள் மலையிலிருந்து கடல் வேலைக்குப் போன ஒரே ஆள் என் சித்தப்பாதான். சரக்குக் கப்பலைக் கட்டியிருந்த கயிறு ஒருநாள் அறுந்து வந்து அவர் வலது தோளில் அடித்தது. பிழைத்து ஊர் திரும்பினார், ஆனால் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. சட்டை மாட்டிவிட அப்பா வேண்டும்.

நஷ்டஈடு கேட்டுச் சென்னையில் ஒரு வக்கீல் வழக்குப் போட்டிருந்தார். கை இனி வேலைக்கு ஆகாது என்று நிரூபித்தால் கப்பல் கம்பெனி தந்தே ஆக வேண்டுமாம். கப்பலும் போய், ஏரும் பிடிக்க முடியாத சித்தப்பாவுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

அதே சமயத்தில் வீட்டில் அவருக்குப் பெண்ணும் தேடினார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி நேரில் கேட்க மாட்டார்கள். யாரோ போல வந்து பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பார்கள். ஆகவே அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள்: "யாரு வந்து கேட்டாலும் கை நல்லாய்டுச்சுன்னு சொல்லு, இன்னா?" ஒரே கை கோர்ட்டில் முடங்கியும் கல்யாணப் பேச்சில் குணமாகியும் இருந்தது. வழக்கைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் புளி உலுக்கப் போயிருந்த ஒருநாள், சலவைச் சட்டைக்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க சித்தப்பா இப்ப இன்னாம்மா பண்றாரு?" என்றார். பெண் வீட்டுக்காரர் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

"கை நல்லாய்டுச்சுங்க. புளிய மரம் ஏறி உலுக்குறாரு. மூட்டைகூட அவர்தான் தூக்குறாரு" என்றேன். முதல் வரி மட்டும்தான் அம்மா சொன்னது. மிச்சம் என் சொந்தச் சரக்கு. அவர் செல்போனை நீட்டி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்த முறை இரண்டு மூட்டையாக்கிச் சொன்னேன். மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கம்பெனி அனுப்பிய ஆள் என்பதும், கோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியதும், வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, கேட்ட பணத்தில் கொஞ்சமே கைக்கு வந்ததும் நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"பொண்ணு வூட்டுக்காரங்க எதுக்குப் படம் புடிக்கிறாங்க?" என்று கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நல்லாத்தான் சொல்லியிருக்க" என்று இடது கையால் என் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது.

கல்யாணம் நிச்சயமாகிவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.