குடிலுக்கு வைக்கோல்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால், மண்வீடு கட்டப் பழகும் வகுப்பில் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் வைக்கோலை அள்ளிப் போட்டார். "இது இல்லன்னா காயும்போது சுவர் வெடிச்சிடும்." ஈர வைக்கோல் வாசனையில் எங்கள் விவேக் நகர் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் நினைவுக்கு வந்தது.

சின்ன வயதில் நான் களிமண் குழைக்க, அப்பா குடில் கட்டுவார். கிறிஸ்துமஸுக்குள் சுவர் வெடித்துவிடும்.

"பாவம் சூசையப்பர், குடும்பத்தோட தெருவுக்கு வரப்போறார்" என்பாள் அம்மா.

"பெத்லகேம்ல மட்டும் என்ன கான்கிரீட்டாடி?" என்று அப்பா சிரிப்பார், விரல் மட்டும் விரிசலைத் தடவிக்கொண்டேயிருக்கும். கடைசியில் அட்டைக் குடிலுக்கு மாறிவிட்டார்.

வைக்கோல் எங்களிடமும் இருந்தது. அத்தனையையும் குழந்தை ஏசுவுக்கு மெத்தையாகப் போட்டுவிட்டோம்!

சேற்றுக் காலோடு போன் செய்தேன். "அப்பா, இந்த வருஷம் மண் குடில்தான். வைக்கோல் ரெண்டு கட்டு வாங்குங்க."

"மெத்தைக்கு ஒண்ணு போதுமே, இன்னொண்ணு எதுக்கு?"

"சுவருக்குப்பா."