கட்டில் அறையை மூடிவைத்த மதியம்

குன்னூரில் ஓர் எழுத்தாளர் பிறந்து வளர்ந்த வீட்டை நினைவு இல்லமாக்கியபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டில் கணவர் படுத்த படுக்கையாக இருந்ததால் ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. மழைக்காலத்தில் புத்தக அட்டைகளில் பூஞ்சணம் பூக்கும். இன்று துடைத்தால் நாளை மறுபடி பூத்துவிடும். ஊட்டிக்குப் போகிற கார்களில் பாதி, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கத்தான் எங்கள் வாசலில் நிற்கும். அவர்களிடமும் அதே கதையைச் சொல்வேன். இந்த மேசையில்தான் எழுதினார், இந்தக் கட்டிலில்தான் படுத்தார். என் குரலே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

ஓர் ஐப்பசி மாத மதியம் வயதான அம்மா ஒருவர் தனியாக வந்தார். குன்னூரில் ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறியவர், மலை வளைவுகளில் மூன்று முறை வாந்தி எடுத்ததாகச் சொன்னார். சமையலறையாக இருந்த இடத்தில் இப்போது புகைப்படங்கள் மாட்டியிருக்கிறோம். அவர் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. சன்னல் ஓரத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கட்டில் அறைக்கு வந்து, தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"தல சுத்துதுங்க. சித்த நேரம் இதுல படுத்துக்கட்டுங்களா?"

யாரும் படுக்கக் கூடாது, அது எழுத்தாளரின் கட்டில் என்றேன்.

"எந்தம்பி இதுல படுத்ததே இல்லீங்க. இது எங்கம்மா கட்டிலு. அவன் கீழ பாயிலதான் படுப்பான்."

அப்போதுதான் யாரென்று புரிந்தது. எழுத்தாளரைப் பற்றி நாங்கள் எழுதிவைத்திருக்கும் பலகையில் 'ஒரு மூத்த சகோதரி' என்று ஒரு வரி உண்டு. அவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். கயிற்றைக் கழற்றிவிட்டேன். செருப்பை ஓரமாக விட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சற்று நேரத்தில் தூங்கிப்போனார்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் வந்தார். கட்டில் அறை இன்று மூடியிருக்கிறது என்றேன். கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறோம் என்று கோபப்பட்டார். நான் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மெல்லிய குறட்டை கேட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அப்படித் தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவர்கள் போன பிறகு அந்த அம்மா எழுந்து வந்தார். போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தார். பிளாஸ்க்கில் இருந்த டீயைக் கொடுத்தேன். திறப்பு விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். கூப்பிட்டார்கள், வர மனசில்லை என்றார். தன் அம்மா இறந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவராம். அப்பாவும் தம்பியும் எழுந்திருக்கும் முன்னால் அடுப்பு எரிய வேண்டும். கல்யாணமாகிப் போகும்வரை அப்படித்தான்.

"இந்த ஊட்டுல பகல்ல நான் படுத்ததே இல்லீங்க" என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தார். நான் தடுத்தும் கேளாமல் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

மறுநாள் நினைவு இல்லத்தின் செயலாளர் போன் செய்தார். பேராசிரியர் புகார் சொல்லியிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர், எழுத்தாளரைப் பற்றி அக்காவிடம் ஏதாவது கேட்டுப் பதிவு செய்தீர்களா என்றார்.

"இல்லீங்க சார். தூங்கிட்டிருந்தாங்க" என்றேன்.

போன் நம்பராவது வாங்கியிருக்கலாமே என்று அலுத்துக்கொண்டார். வாங்கத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு, அன்று வந்தவர்களுக்குக் கதவைத் திறக்கப் போனேன். கட்டிலைப் பற்றி மட்டும் அதன் பிறகு நான் எதுவும் சொல்வதில்லை.