எலி தின்னாத அரிசி

காலியான பிஸ்கட் டப்பாவின் அடியில் ஒரு பிடி அரிசி விழும் ஓசை, தகரக் கூரையில் தூறல் தொட்டுவிட்டுப் போவதைப் போன்றது. கேட்கத் தொடங்குமுன் முடிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அடுப்படியில் காலையும் மாலையும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து அம்மா ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியே போடுவாள். அதற்குப் பெயரே 'பிடி அரிசி'. மாதக் கடைசி ஞாயிறன்று எங்கள் சபைப் பெண்கள் எல்லோரும் அவரவர் டப்பாவைக் கொண்டுவந்து வேதக்கோயில் வாசலில் தொங்கும் துணிப்பையில் கொட்டுவார்கள். ராஜபாளையத்திலும் மம்சாபுரத்திலும் இதே வழக்கம்தான். அப்படிச் சேர்ந்த அரிசியை விற்றுத்தான் தூர தேசத்து ஊழியத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

எனக்குப் பத்து வயதானபோது எங்களை அனுப்பினார்கள். அம்மா நர்ஸ், அப்பா ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார், நான் ஒரே பிள்ளை. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டு மலையடிவாரக் கிராமம் ஒன்றில் இரண்டு வருட ஊழியம். கிளம்பும் அன்று அப்பா என் கையில் ஒரு டைரியைக் கொடுத்து, "நடந்ததை மட்டும் எழுது. நெனச்சதெல்லாம் எழுதி ரொப்பாத" என்றார். இன்று வரை அப்படித்தான் எழுதிவருகிறேன், ஒரு வரியைத் தவிர.

அந்தக் கிராமத்து மேற்கு மலையும் மம்சாபுரம் பக்கத்து மலையைப் போலவே நீலமாக இருந்ததால் முதல் மாதம் முழுவதும் அதைப் பார்த்து அழுதேன். அழுகையை நிறுத்தியவள் தோக்கோ. என் வயதுக்காரி, பக்கத்து வளவுக் குடிசையில் இருந்தவள். அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி பாதிதான் தெரியும். ஆனாலும் கல் தூக்கிப் போட்டு விளையாடுவதற்கு அது போதுமாக இருந்தது. எதைக் கொடுத்தாலும் அவள் முதலில் இரு உள்ளங்கைகளையும் குவித்து மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுவாள். பிறகுதான் இரு கைகளையும் சேர்த்து நீட்டி வாங்குவாள். அங்கே நன்றி சொல்லும் முறை அது.

ஊரில் எல்லோருக்கும் மக்காச்சோளக் களிதான் சாப்பாடு. எங்களுக்கு மட்டும் மாதம் ஒருமுறை டவுனிலிருந்து லாரியில் அரிசி வரும். அம்மா அங்கேயும் பிடி அரிசியை விடவில்லை. சனிக்கிழமைதோறும் டப்பாவைத் தட்டிச் சமமாக்கி, அரிசி நிற்கும் மட்டத்தில் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். அந்த ஊர்க் கோயிலில் அரிசி வாங்கத் துணிப்பை கிடையாது.

"இதை யாருக்குச் சேத்து வைக்க? ஆண்டவருக்குக் கப்பல்ல அனுப்பப் போறியா?" என்று அப்பா கேலி செய்வார்.

"ஊர்ல பிடிபிடியா எடுத்துத்தான நம்மள அனுப்பிச்சாவ? இது அவிய அரிசி. திரும்பிப் போயி அவிய பையிலதான் கொட்டுவேன்" என்பாள் அம்மா. அந்த அரிசியை அவள் கடலுக்கு அப்பால் கொண்டுபோகத்தான் நினைத்திருந்தாள்.

மழை மாதங்கள் வந்தன. வயலில் சோளம் பச்சையாக நின்றது. வீடுகளில் பழைய சோளம் தீர்ந்துவிட்டது. அறுவடை வரை அந்த ஊரில் வருடாவருடம் அப்படித்தான் என்றார்கள். தோக்கோ விளையாட்டின் நடுவே உட்கார ஆரம்பித்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. நான்தான் ஒரு மத்தியானம் டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்தேன். என் கைக்கு அது சின்னப் பிடி, அதனால் இன்னொரு பிடியும் எடுத்தேன். குவித்த கைகள் இரண்டு தட்டுத் தட்டின. அப்புறம் தினமும் அப்படியே நடந்தது, பிடிகள் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின.

அந்தச் சனிக்கிழமை அம்மா டப்பாவுக்குள் வெகு நேரம் பார்த்தாள். "ஏட்டி, போன வாரக் கோட்டுக்குக் கீழ எறங்கியிருக்கு. எப்படிடி?"

"எலியா இருக்கும்மா."

"மூடியத் தொறந்து, தின்னுட்டு, திரும்ப மூடி வச்சுட்டுப் போயிருக்கு. வெவரமான எலிதான்" என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, டப்பாவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அன்று டைரியில் 'அரிசி டப்பாவில் எலி புகுந்தது' என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் தோக்கோ வந்தாள். வெறும் கைகளை விரித்துக் காட்டினேன். அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு எப்போதும்போல இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்கடுத்த நாள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தோக்கோ வீட்டார் வழக்கமாக உட்காரும் பாய் காலியாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அம்மா உடுத்தியிருந்த கோயில் சேலையைக்கூட மாற்றாமல் டிரங்கைத் திறந்து, டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே நான் ஓடினேன். தோக்கோ வீட்டுக் கதவு நார்க்கயிற்றால் கட்டியிருந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நான்கு நாளுக்கு முன் எல்லோரும் ஏரிக்கரைப் பக்கம் மாமன் ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அம்மா அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முறத்தில் அரிசி முழுவதையும் கவிழ்த்தாள். குவித்த கைகள் தட்டின. அது வேறு கைகளின் ஓசை.

திரும்பும்போது, "கேட்டிருந்தா குடுக்காதன்னா சொல்லியிருப்பேன்?" என்றாள். பத்தடி நடந்த பிறகு, "சொல்லியிருப்பேன்டி. சொல்லித்தான் இருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துப் பிடி அரிசி ஏதாவதொரு வீட்டு முறத்துக்குப் போனது. அறுவடை முடிந்து சிலர் ஊர் திரும்பினார்கள். நாங்கள் புறப்படும் வரையில் தோக்கோ திரும்பவில்லை. வெறும் டப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். கடைசி ஞாயிறன்று அம்மா துணிப்பைக்கு முன்னால் நின்று, "அங்கயே கொட்டிட்டேன்" என்று மட்டும் சபைப் பெண்களிடம் சொன்னாள்.

இப்போது நான் ராஜபாளையத்தில் இருக்கிறேன். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கோயில் வாசலில் துணிப்பை தொங்கிய ஆணியில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். காணிக்கை போனிலேயே போய்விடுகிறது. குக்கருக்குக் கப்பில் அளக்கிற அரிசியில் பிடி என்று ஒன்று இல்லை. நான் மட்டும் இன்னும் ஒரு பிடி எடுக்கிறேன். ஊரில் யாருக்காவது அது போய்விடுகிறது. அந்தப் பழைய டைரியில் எலி வரி அப்படியே இருக்கிறது. திருத்துவதற்காகப் பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிராமத்தில் தினம் எழுதிய அத்தனை பக்கங்களிலும் தோக்கோவைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்; முதலில் விளையாட்டையெல்லாம் எழுதத் தோன்றவில்லை, பிறகு பயத்தில் அவள் பெயரை நான் எங்குமே எழுதவில்லை.